முதல் போணி

“திருப்பத்துல நேரா வராதும்மா. கொஞ்சம் சாய்ச்சுத்தான் எறக்கணும். நாங்க பாத்துக்கறோம், கவலைப்படாதீங்க.”

வாடகை ஆட்களின் மேஸ்திரி மாடிப்படியின் அகலத்தைக் கையாலேயே முழம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடன் வந்த மூன்று பேரும் வாசலில் ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள். அவர்களைப் போன் செய்து வரவழைத்தது மகள்தான். வேறு யாரைக் கூப்பிடுவாள்? தையற்காரர் குடும்பம் தெருவைக் காலி செய்து பதினைந்து வருஷம். கடிகாரக்கடைக்காரரை அவர் பிள்ளை கூட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது இருப்பவர்களெல்லாம் நேற்று முளைத்த கடைக்காரர்கள். அம்மா மட்டும் நேற்று சாயங்காலம் வரை கீழே தன் ஆணிக்கடையில் உட்கார்ந்து திருகாணியும் கீலும் விற்றுக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

“அங்க உனக்குன்னு யாரும்மா இருக்கா? என்னோட வந்துடேன்” என்று மகள் கேட்காத மாதமில்லை.

“ஏன், தெரு நெறைய ஆளு இருக்கே” என்பாள் அம்மா. தலைகீழாக நின்றாலும் கிளம்பமாட்டாள்.

அப்படிப்பட்டவளை முகம் தெரியாத நாலு பேர் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். மகளுக்கு அழுகையைவிட அவமானம்தான் முந்திக்கொண்டு வந்தது.

போர்த்துவதற்கு நல்லதாக ஒரு வெள்ளைத் துணி எடுக்கலாமென்று பீரோவைத் திறந்தாள். மேல்தட்டிலிருந்து ஒரு நாய்க் கழுத்துப்பட்டை காலில் விழுந்தது. பத்தடி தூரத்தில் நாயைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவள் அம்மா! பின்னாலேயே பெரிய போனுக்கான உறை ஒன்று. அம்மாவிடம் இருந்ததோ பட்டன் போன். சிவப்பு நகச்சாயம், மூடிகூடத் திறக்காதது. ஜிம்மின் உறுப்பினர் அட்டை, அதில் அம்மா யாரையோ அடிக்கப்போகிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஐயோ, அம்மாவுக்குப் புத்தி பிசகியிருக்கிறது, நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று மகள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கதானே பொண்ணு?”

கதவருகே ஒரு பெண் நின்றிருந்தாள். எதிர்வரிசையில் அழகு நிலையம் வைத்திருப்பவள். அவள் கண் நேராக நகச்சாயத்துக்குப் போனது.

“இது என் கடையோடது. மொத போணி. கடை தொறந்து மூணு நாள் ஈ ஓட்டிட்டு இருந்தேன். அக்கா வந்தாங்க, கை பூரா கிரீஸ். ‘நல்ல சிவப்பா ஒண்ணு குடு’ன்னாங்க. போறப்போ, மழை வந்தா இந்த ஷட்டர் மாட்டிக்கும், இப்பவே எண்ணெய் போடுன்னு சொல்லிட்டுப் போனாங்க.” நகச்சாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். “எனக்கு மட்டுந்தான் இப்படிச் செஞ்சாங்கன்னு நெனச்சிருந்தேன்.”

“அதான் இல்லைங்கறேன்” என்றார் அவள் பின்னால் வந்த ஜிம்காரர். மூன்று மாடி ஏறியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. “எனக்கும் அக்காதான் போணி. போன்கடைக்காரனும் அதையேதான் சொல்றான். ஆமா, கீழ நிக்கிறவங்க யாரு?”

“தூக்கறதுக்கு… வாடகைக்கு வந்தவங்க.”

“வாடகைக்கு ஆளா? ஏன், நாங்கள்லாம் என்ன செத்தா போயிட்டோம்?”

சொன்னபிறகுதான் ஜிம்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாளில் போய்ச் சிரிக்கிறோமே என்று நினைத்தாள், ஆனால் அடக்க முடியவில்லை.

கீழே தெரு நிறைய ஆள் இருந்தது. தலைப்பக்கம் யார் பிடிப்பது என்று போன்கடைக்காரருக்கும் நாய்த்தீனிக் கடைக்காரருக்கும் ஒரே வாக்குவாதம். அழகு நிலையக்காரி ஒரு அதட்டல் போட்டாள்: “தெரு நீளமாத்தானே கெடக்கு! கடைக்குக் கடை கை மாத்துங்க.” முதல் பிடியை அவளே பிடித்தாள். வாசலில் நின்ற அமரர் வண்டியைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த வேலை பறிபோன மேஸ்திரி, மகளின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மகள் தலை நிமிர்ந்து நடந்தாள். என் அம்மா, என் அம்மா என்று ஒவ்வொரு கடை வாசலிலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை பெருமை வருவதற்கு இந்த நாள்தானா கிடைத்தது!

தெருக்கோடியில் கண்ணாடியெல்லாம் காகிதம் ஒட்டிய ஒரு கடை. கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

“யாரு?”

“ஆணிக்கடை அக்கா” என்றார் ஜிம்காரர்.

“எனக்குத் தெரியாதுங்களே. நாளைக்குத்தான் கடை தொறக்கறேன்.”

“அப்ப நாளைக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள் அழகு நிலையக்காரி.

அவர் ஒரு கணம் எல்லாரையும் பார்த்தார். பிரஷை டப்பா மேல் வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் எடம் குடுங்க” என்று வந்தார். போன்கடைக்காரர் விலகிக்கொண்டார்.

வண்டிக்குள் ஏற்றியபிறகு மேஸ்திரிதான் கவனித்தார். வெள்ளைத் துணியின் ஓரத்தில் நான்கு விரல், பச்சையாக.

“பெயிண்ட் ஒட்டிக்கிச்சும்மா. காயறதுக்குள்ள தொடைச்சிடறேன்” என்று தோள் துண்டை எடுத்தார்.

“வேணாங்க” என்றாள் மகள். “இருக்கட்டும்.”