வாயில் வைக்காத ஆறு கிளாஸ்

1.

ஒரு ஹொட்டேல் மண்டபத்தில் நான் பேசாமல் நின்றதிலிருந்து வந்தது இந்தக் கதை. தோழி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். வெளிநாட்டு வைன்களையும், ஆப்பிளில் செய்யும் சைடரையும் சுவைத்துப் பார்க்கும் நிகழ்வு. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, எல்லோரும் பார்த்திருக்க ஒரு பாத்திரத்தில் துப்ப வேண்டும். என்னால் முடியவில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் மணந்துவிட்டுக் கீழே வைத்தேன். பக்கத்தில் நின்றவர், "என்ன சொல்லுறீங்க?" என்று கேட்டார். சொல்ல ஒன்று இருந்தது. சொல்லாமல் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வைனில், காரமில்லாத பெரிய கறிமிளகாய் மணந்தது. (அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.)

பிறகுதான், கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருத்தியை எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "கொட்டாஞ்சேனையின் மாலை வெயில் சிவப்பு வைனின் நிறத்தில்…"

வேண்டாம். வெயில் வெயிலின் நிறத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது: "யதுஷா துணிச்சலான பெண். அவள் ஒருபோதும்…"

இதையும் விட்டேன். துணிச்சலானவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? யதுஷாவும் கூச்சக்காரிதான். இறங்க வேண்டிய இடம் வந்தாலும் பஸ்ஸில் குரல் கொடுக்கமாட்டாள். வேறு யாராவது இறங்கும்வரை இருந்து, அங்கிருந்து திரும்பி நடந்து வருவாள். ஒரேயொரு வித்தியாசம் வைத்தேன்: தனக்குத் தெரிந்ததை யாராவது கேட்டால் சொல்லிவிடுவாள்.

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது:

யதுஷா இரசாயனவியல் பட்டதாரி. வைன் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை. கொம்பனியின் களஞ்சியம் கொட்டாஞ்சேனையில். அமிலம் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று அவள் அளந்து கொடுப்பாள். அளக்கும் ஒவ்வொன்றையும் மணந்து, ஒரு வாய் எடுத்துத் துப்பியும் பழகியவள். ஆனால் சுவைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் வேறு. எந்த நாட்டுப் போத்தல் இந்த ஊருக்கு வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் அந்தக் குழுவை பனல் என்பார்கள். பனலில் ஒருவர் விலக, அவருடைய கதிரை வெறுமையானது. அந்தக் கதிரை யதுஷாவுக்கு வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கேட்காமலே போய், "எனக்குத் தாங்கோ" என்று கேட்டாள்.

3.

பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். பெயர் மறைத்த ஆறு கிளாஸ். அந்த நாள், யதுஷா பிடிக்கும் ஆறு நாள் கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாளில் விழுந்தது.

[விரதத்தைக் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். தூக்கினால் வேலைக்கு ஆள் எடுத்த செய்திதான் மிஞ்சும்.]

தாய் நேசமலர் வங்கியில் வேலை செய்பவர். மகளின் தொழில் அவருக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. "அவள் எங்க குடிக்கிறாள்? துப்புறாள்தானே, பல்லு மினுக்கிற மாதிரி" என்று சொந்தக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார். விரதம் வேறு கதை.

"அப்ப நாளைக்கு வாய்க்குள்ள வைப்பியோ?"

"துப்பிப்போடுவன்தானே அம்மா."

"அது மற்ற நாளுக்கு. எனக்கென்ன, உன்ர விரதம், உன்ர வாய். முருகனிட்டயே கேள்."

"முருகன் பனலில இல்லையம்மா."

"இருந்திருந்தா உன்னை வேலைக்கு எடுக்கவே மாட்டார்."

யதுஷாவுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பீர்கள். தெரியாது. நான் விஞ்ஞானம் படித்தவள். தெரியாத இடத்தை நிரப்பக் கூச்சமாக இருக்கிறது. நாலு நாள் பிடித்த விரதத்தை ஐந்தாம் நாளில் விட அவளுக்கு மனம் வரவில்லை. பக்தியோ, வீம்போ, பெயரை நீங்களே வையுங்கள்.

4.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அடுத்த பகுதியை நம்பமாட்டீர்கள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே வெள்ளிக்கிழமைச் சமையல் யதுஷாவுடையது. தாய் வேலையால் வரப் பிந்தும். சுவாமிக்குப் படைக்கும்வரை கறியை நாக்கில் வைக்கக் கூடாது. மூடியைத் திறந்து மணந்துதான் உப்பும் புளியும் பார்ப்பாள். தொடக்கத்தில் பூசணிக்காய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டுத் தகப்பன் ஒரு செம்பு தண்ணீரையும் குடித்து முடித்தார். போகப் போக உப்புப் பிசகவே இல்லை.*

* உப்புக்கு மணம் கிடையாது. ஆனால் நீரில் உப்புக் கூடும்போது, அதில் கரைந்திருக்கும் வாசனைப் பொருட்கள் வெளியே தள்ளப்படுகின்றன. உப்புப் போட்ட கறி, போடாத கறியைவிடப் பலமாக மணக்கும். பல்கலைக்கழக விரிவுரையொன்றில் இதைக் கேட்டபோது யதுஷா கை உயர்த்தவில்லை. தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவளுக்குக் கொடுத்தது நான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

5.

கொட்டாஞ்சேனைக் களஞ்சியம். நீளமான மேசை, வெள்ளை விரிப்பு. எதிரே பனலின் தலைவர் ஹியூபேட், அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். போத்தல்களை மறைத்து ஊற்றுபவர் களஞ்சியப் பொறுப்பாளர் ரிஸ்கான். குடிக்காத மனிதரின் கையில் களவு வராது என்பது ஹியூபேட்டின் கட்சி.

யதுஷா முதல் கிளாஸை மணந்தாள். கீழே வைத்தாள்.

"என்ன மகள், பூவா இது, மோந்து மோந்து வைக்கிறதுக்கு? வாயில எடுங்க" என்றார் ஹியூபேட்.

"இண்டைக்கு விரதம், சேர். மணந்து சொல்லட்டோ?"

ரிஸ்கான் சிரித்துவிட்டார். "அப்ப நானும் பரீட்சைக்கு உக்காரலாமே, தங்கச்சி. நானும் இவ்வளவு காலமா மோந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ ஊத்து" என்றார் ஹியூபேட். பிறகு அவளிடம், "சரி, சொல்லுங்க பாப்பம்."

"இது சைடர். வினாகிரி மணம் தூக்கலா இருக்கு. பழுது இல்லை, அந்த ஊரில அப்பிடித்தான் செய்வினம். ஸ்பெயினுக்கு வடக்கால, அஸ்தூரியாஸ்." இரண்டாவது: "இதுவும் சைடர். செருப்புக் கடைக்குப் பின்பக்கம் நிண்ட மாதிரி, தோல் மணம். நோர்மண்டி." மூன்றாவது: "கராம்பு மணக்குது. அயர்லாந்துச் சைடர்." நாலாவது: "வைன். மண்ணெண்ணெய் மணம், அதுக்குப் பின்னால தேசிக்காய் பிழிஞ்ச மணம். ஜெர்மனி, மோசல் ஆத்துப்பக்கம்."

(மூன்றாவது அயர்லாந்து அல்ல; இங்கிலாந்தின் சொமர்செற். வேண்டுமென்றே பிழையாகச் சொல்லவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

"இனிப்பு எவ்வளவு?" என்று குறுக்கே கேட்டார் ஹியூபேட்.

"மணத்தில தெரியாது, சேர். தெரியாததைச் சொல்லமாட்டன்."

ஐந்தாவதை மூக்கருகே கொண்டுபோனாள். "கறிமிளகாய்" என்றாள். "சிலி நாட்டு வைன்."

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அறைக்குள் கொஞ்சம் நடந்தேன்.

ஆறாவதை மணந்தவள், திரும்பவும் மணந்தாள். "இது எந்த ஊர் எண்டு சொல்லேலாது. போத்தல் கெட்டுப்போச்சு. மழையில நனைஞ்ச காட்போட் பெட்டி மணக்குது. தக்கையில பூஞ்சணம் பிடிச்சிருக்கு."

ஹியூபேட்டின் முகம் மாறியது. "இது நான் தெரிஞ்செடுத்த பேகண்டி வைன். காலையில நானே குடிச்சுப் பாத்த போத்தல், மகள்."

இந்த வசனத்துக்குப் பிறகு, "மன்னிக்கவும் சேர்" என்று யதுஷா சொல்வதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

"அப்ப அதிலயே வேற போத்தல் ஒண்டு திறவுங்கோ, சேர். பக்கத்தில பக்கத்தில வைச்சு மணப்பம்."

ரிஸ்கான் போய் எடுத்து வந்தார். தக்கையைத் திறந்து ஊற்றினார். ஹியூபேட் புதியதை மணந்தார். பழையதை மணந்தார். மறுபடியும் புதியது. பிறகு பழைய கிளாஸை எடுத்து, துப்பும் பாத்திரத்தில் ஊற்றினார். போத்தலையும் அதிலேயே கவிழ்த்தார்.

"எனக்கு இந்த மணம் மூக்கில படவே இல்லையே" என்றார் ரிஸ்கான், பொதுவாக.

"உனக்கு மட்டுமா?" என்றார் ஹியூபேட்.

6.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஹியூபேட் நேர்மையான மனிதர். நேர்மையானவர்களால் கதை நீளும்.

"நல்ல மூக்கு, மகள். என்னையும் பிழையாக்கிட்டீங்க. ஆனா இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு? அதுக்கு நாக்கு வேணும். சுவைக்காத ஆளுக்கு எப்படிக் கதிரை குடுக்கிறது?"

"விரதம் முடிய வாறன், சேர்."

"இண்டைக்குப் பின்னேரம் கொம்பனிக்குப் பேர் அனுப்பணும். அது என்ட கையில இல்ல." புதிய போத்தலிலிருந்து அவரே ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "ஒரு வாய். துப்பிடுங்க. கதிரை உங்களுக்கு."

7.

முடிவு அ: குடிக்கிறாள், துப்புகிறாள், கதிரை கிடைக்கிறது. வீட்டில் தாய் ஒன்றும் கேட்கவில்லை. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதில் அவள் தோற்கவில்லை.

முடிவு ஆ: மறுக்கிறாள். ஹியூபேட் மனம் இளகிக் கதிரையைக் கொடுக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இ: மறுக்கிறாள். கதிரை வேறொருவருக்குப் போகிறது. அவள் களஞ்சியத்துக்கு வெளியே ஜம்பட்டா வீதியில் தலை நிமிர்ந்து…

நிறுத்தினேன். நிமிர்வதற்கு அவள் வீதிவரை போக வேண்டியதில்லை. மேசையின் முன்னால் ஏற்கெனவே நிமிர்ந்துதான் நிற்கிறாள்.

நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். யதுஷா கிளாஸை எடுத்தாள். மணந்தாள். நல்ல வைன். ஹியூபேட் சரியாகத்தான் தெரிந்தெடுத்திருந்தார்.

"என்ன சொல்லுறீங்க, மகள்?"

அதே கேள்வி. ஹொட்டேல் மண்டபத்தில் நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன அதே கேள்வி. யதுஷா கீழே வைக்கவில்லை. ஹியூபேட்டை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

குடிக்கவா, பேசவா?

அவள் வாயைத் திறந்ததே எனக்குப் போதும். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். என்னைப்போல பஸ் ஏறிவிடாதீர்கள்.