ஆகாயத்தில் பிரேக் இல்லை

விமானம் ஓட ஆரம்பித்ததும் வலது பக்கம் திரும்பி, ஓடுபாதையை விட்டு இறங்கி, புல்லுக்குள் போய் நின்றது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. குறுகலான சந்தில்கூட பஸ்ஸை உரசாமல் திருப்புவார் என்று பெயர் வாங்கிய மனிதர் அவர்.

"ஆக்சிலேட்டரைத்தானே மிதிச்சேன்!"

"அது ஆக்சிலேட்டர் இல்ல மாமா." போனில் மாப்பிள்ளை சிரிப்பை அடக்குவது நன்றாகவே தெரிந்தது. "வலது காலை மிதிச்சா வலது பக்கம் திரும்பும். வேகத்துக்கு கையில லீவர் இருக்கு."

"காலால திருப்பி, கையால வேகம் குடுக்கணுமா? எவன் கண்டுபிடிச்சான் இதை?"

"உங்களை மாதிரி ஆளு ஏறி ஓட்டிடக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருப்பாங்க" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

கடல் தாண்டி இருக்கும் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். போன தடவை அவள் கல்யாணத்துக்குக் கிளம்பிய டிரைவர், விமான நிலைய வாசல் வரை போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை, பயம்தான். மனைவி மட்டும் போய் வந்தாள். கல்யாணம் அப்பா இல்லாமலே நடந்து முடிந்தது. அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அவர் பயந்தது உயரத்துக்கு இல்லை. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் உட்கார முடியாது, அவ்வளவுதான். மச்சான் காரில் ஏறினால்கூட வலது கால் தானாகத் தரையை அழுத்தி, இல்லாத பிரேக்கைத் தேடும். மாப்பிள்ளை விவரமானவர். அவர் இதைக் கண்டுபிடித்து, ஸ்டியரிங், பெடல் எல்லாம் வைத்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் இந்தப் புது விளையாட்டை வாங்கி அனுப்பியிருந்தார். "நீங்களே ஓட்டிப் பாருங்க மாமா" என்று மட்டும் சொன்னார்.

"இந்தத் தடவையாவது வருவீங்களாப்பா?" என்று மகள் கேட்டபோது, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டார்.

டியூட்டி முடிந்து வந்ததும் தினமும் அதே வேலையாகக் கிடந்தார். ஒருவழியாகத் தரையை விட்டு எழும்பினார். ஆனால் மேலே போய்க் கொஞ்சம் ஆட்டம் கண்டால் போதும், கை தானாக லீவரைப் பின்னால் இழுத்துவிடும். வண்டி தடுமாறினால் வேகத்தைக் குறை. இத்தனை வருஷ சர்வீஸில் அவரையும் பயணிகளையும் காப்பாற்றிய பழக்கம் அது. இங்கே அதுவே எமனாக வந்து நின்றது. வேகம் குறைந்ததும் விமானம் குப்புற விழும்.

"இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?" என்று மனைவி தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்.

"மாமா, பயம் வந்தா நீங்க நிறுத்தப் பாக்குறீங்க" என்றார் மாப்பிள்ளை ஒரு நாள். "மேல ஓரங்கட்ட இடம் ஏது? றெக்கையில காத்து ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அது விழாம நிக்கும். மூக்கைக் கொஞ்சம் இறக்கி, வேகத்தைக் குடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு லீவரை முன்னால் தள்ளினார். விமானம் சட்டென்று அடங்கி நேராயிற்று.

"இப்போ ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுங்க."

"கையையா? விளையாடுறீங்களா?"

எடுத்தார். அது பாட்டுக்குப் பறந்தது. டிரைவர் மடியில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் மனசைத் தொட்டது அடுத்து வந்த பாடம். கிளம்பும் முன்னால் பைலட் கீழே இறங்கி, விமானத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டுமாம். டிப்போவில் தினமும் காலையில் அவரும் பஸ்ஸைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஏய், இங்க வந்து பாரேன்! இவங்களும் டயரைப் பாக்குறாங்க!"

"பின்ன, பாக்காமலா கிளம்புவாங்க?" என்றாள் அவள். அவருக்கோ அது பெரிய சமாச்சாரமாக இருந்தது. அங்கே உட்கார்ந்து ஓட்டுவது யாரோ இல்லை, தன்னைப் போல ஒரு டிரைவர். அன்றைக்கு முட்டி மோதி, துள்ளித் துள்ளி, முதல் தடவையாக விமானத்தை முழுசாகத் தரையில் இறக்கினார்.

பயண நாள் வந்தது. விமான நிலைய வாசலில், போன தடவை நின்ற அதே இடத்தில், டிரைவர் நின்றுவிட்டார். மனைவி பெட்டியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பைலட் சீருடை போட்ட இளம்பெண் ஒருத்தி விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"டயரைப் பாத்துட்டாங்க. நல்ல டிரைவர்" என்று சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

விமானம் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் குறைந்ததும் மனைவி அவர் கையை இறுகப் பிடித்தாள். டிரைவர் கீழே பார்த்தார். தன் கால் சும்மா இருந்தது. அவளுடைய வலது கால்தான் தரையைப் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடு. மேல பிரேக் போடக் கூடாது" என்றார் மெதுவாக. "ஏறி முடிச்சாச்சு, அதான் லீவரைக் கொஞ்சம் இழுத்திருக்காங்க. பயப்படாத."

"போன தடவையும் இப்படியேதான் வந்தேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "தனியா."

அவளுக்கும் பயம் இருக்கும் என்று ஒரு நாளும் அவர் நினைத்ததில்லை. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக அதை விடவில்லை.

மகள் இருக்கும் ஊரின் தரையில் சக்கரங்கள் தடதடவென்று இறங்கின. டிரைவர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"இப்போ அழுத்து."

இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினார்கள். விமானம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது.