கரண்டிச் சோறு

"நீங்க வெளியே போயிட்டு வாங்க ஆன்ட்டி. மூணு மணி நேரம் அங்கிளை நாங்க பாத்துக்குறோம்," என்றாள் இளமதி. ஃபேரர் பார்க்கில், மறதி நோய் வந்தவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் வேலை செய்கிற பெண். எப்போதும் சிரித்த முகம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைத் தவிர யார் கொடுத்தாலும் அவரு சாப்பிட மாட்டாரும்மா. வாயை இறுக்கிக்குவாரு."

"ட்ரை பண்ணிப் பாப்போம்லா."

ட்ரையாம்! என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு வாய் ஊட்டவும் நான் படுகிற பாடு இவளுக்கு என்ன தெரியும்? கையால் சாப்பிட விட்டால் சட்டை, நாற்காலி, தரை எல்லாம் சோறு. அதனால் பிளாஸ்டிக் கிண்ணத்தில் குழைத்துக் கரண்டியால்தான் ஊட்டுகிறேன். அதற்கே பாதி நாள் ஓடிவிடும். என் முழங்கால் ஆப்பரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் இந்த மனுஷன் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவார். "அப்பா அங்கே சாப்பிட்டால் ஆப்பரேஷனுக்குச் சம்மதம்" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். சாப்பிடவே மாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

தேக்கா மார்க்கெட் வரை நொண்டிக்கொண்டு போனேன். கத்தரிக்காயைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மனம் அங்கேயே கிடந்தது. வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நிலையத்தின் கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். அன்று பொங்கல் விருந்தாம். நீள மேசையில் வரிசையாக வாழையிலை. என் வீட்டுக்காரர் இலையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் துடைத்தார். சாம்பார் ஓடாமலிருக்கச் சோற்றில் குழி பறித்தார். பிசைந்தார். தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடப்பாவி மனுஷா! சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம்தான். சிந்துகிறது சிந்துகிறது என்று இந்தக் கையைத்தானே நான் பிடித்து மடியில் வைத்திருந்தேன்? பிறகுதான் கண் கலங்கியது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ கல்யாணப் பந்தி என்று நினைத்துக்கொண்டார் போல.

"ஏம்மா நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க. பாப்பா, அம்மாவுக்கு ஒரு இலை போடு!"

இளமதி ஓடிவந்து இலை போட்டாள். சோற்றில் ஆவி பறந்தது. அவருக்கு ஊட்டி முடித்து, ஆறிப்போன மிச்சத்தை நின்றுகொண்டே வழித்து வாயில் போட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

"ரசம் வாங்கிக்குங்க. கூச்சப்படாதீங்க," என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

பாதிச் சாப்பாட்டில் என் பக்கம் சாய்ந்து கேட்டார். "வீட்டுக்காரர் வரலீங்களா?"

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். இளமதி தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வந்திருக்காரு," என்றேன். "சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"நல்லா சாப்பிடட்டும்," என்று சொல்லி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆஸ்பத்திரியில தேதி வாங்கிடு."

"அப்பா சாப்பிட்டாராம்மா?"

"சாப்பிட்டாரு. என்னையும் உக்கார வச்சு சாப்பிட வச்சாரு."