பனியில் மாட்டிய கார்புரேட்டர்

சமையலறை சிங்க் பக்கம் அர்விட் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது லவோனின் உத்தரவு. அவளைக் குறை சொல்ல முடியாது. புருஷன் தன் வண்டியின் கார்புரேட்டரைக் கழுவிய சிங்க்கில் ஊறிய சட்டியில் சமைத்து, அதைச் சர்ச் விருந்துக்கு எடுத்துப்போனாள். பாதிரியார் ஒரு வாய் வைத்துவிட்டு, பெட்ரோல் வாடை எங்கிருந்து வருகிறது என்று ஜன்னலைப் பார்த்தாராம். இன்னொரு தடவை நடந்தால், பனிமேல் அவன் ஓட்டும் அந்தப் பழைய ஸ்னோமொபைலை விற்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். லவோன் சொன்னால் செய்கிறவள்.

அதனால்தான் ஊரில் ஒரு மெக்கானிக் கடை மூடியதும், அங்கிருந்த பார்ட்ஸ் கழுவும் தொட்டியை அர்விட் கராஜுக்குத் தூக்கி வந்தான். அடியில் கிடந்த கறுப்புச் சகதியைச் சுரண்டி, அடைத்துக்கொண்ட பம்பைப் பிரித்து மாட்டி, புதுக் குழாய் சொருகினான். வீட்டுக்குள் வாடை வரக்கூடாதென்று மண்ணெண்ணெய்க்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர். அதைச் சூடாக்க உள்ளேயே ஒரு ஹீட்டர்.

பக்கத்து வீட்டு ரோலண்ட் எட்டிப் பார்த்தான்.

"மினசோட்டா ஜனவரியில தண்ணில கழுவுறியா? மறை கழண்டுடுச்சா உனக்கு?"

"ஹீட்டர் இருக்குடா. இந்தக் குளிர்ல உன் வாய் மட்டும் உறைய மாட்டேங்குதே!"

"நாளைக்கு ஏரில உன் வண்டிய இந்த வருஷமும் நான்தான கட்டி இழுக்கணும்?"

அது அர்விட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய ஸ்னோமொபைல்கள் உறைந்த ஏரியைச் சுற்றிவரும் நாளில் அவன் வண்டி ஒருமுறைகூடத் தானாகக் கரை சேர்ந்ததில்லை. ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இந்த முறை சேர்த்தே தீருவது என்று கார்புரேட்டரைக் கூடையில் போட்டுத் தொட்டிக்குள் அமிழ்த்தினான். பம்ப் ஓடியது, அழுக்கு கரைந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் ரேடியோவில் மைனஸ் முப்பது என்றார்கள். வெளியே நிற்கும் லவோனின் காருக்கும் எஞ்சின் ஹீட்டர் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலை ஆஸ்பத்திரி ஷிப்ட்டுக்கு அவள் கிளம்பவே முடியாது. கராஜில் இருப்பதோ ஒரே லைன். இரண்டு ஹீட்டரும் சேர்ந்தால் ஃபியூஸ் போய்விடும். அர்விட் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காருக்குச் சொருகினான். வெந்நீர்தானே, விடிவதற்குள் என்ன ஆகிவிடும் என்று தேற்றிக்கொண்டு போய்ப் படுத்தான்.

காலையில் மூடியைத் திறந்தால் தொட்டி முழுக்க ஐஸ். நடுவில் கார்புரேட்டர், கூடையோடு. கவிழ்த்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது.

வெளியே லவோனின் கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. காரிலிருந்து கழற்றிய வயரைச் சுருட்டிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். தரையில் கிடந்த இன்னொரு பிளக்கையும் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இதப் புடுங்கிட்டா என் காருக்குப் போட்ட?"

"வேற லைன் இல்லையே."

"கூடையயாவது வெளிய எடுத்து வச்சிருக்கலாம்ல, மக்கு?"

"தோணல லவோன்."

அவள் சுத்தியலை எடுத்துச் சுற்றிலும் உடைத்தாள். கூடையோடு பெயர்ந்த கட்டியை வெள்ளைச் சீருடையோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். அர்விட் பதறிப்போய்ப் பின்னால் ஓடினான்.

"ஐயோ, சிங்க்குல வேணாம்! நீதான சொன்ன..."

"வாய மூடிட்டு கெட்டில்ல தண்ணி வை. நான் கொஞ்சம் லேட்டாப் போனா அங்க யாரும் செத்துட மாட்டாங்க."

வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சிங்க்கில் கிரீஸ் மிதக்க மிதக்க அவளே அந்தக் கட்டியைப் புரட்டிப் புரட்டித் தண்ணீரில் காட்டினாள்.