லிஃப்டுக்குள் அக்கா

நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன் ஒரு நாளில் எத்தனையோ லிஃப்டுகளில் ஏறி இறங்குகிறான். அவை பேசுகின்றன என்பதே நாளடைவில் அவன் காதில் விழாமல் போய்விடும். அன்றும் அவன் கருவிப்பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த கறுப்பு மைப்பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவு மூடப்போகிற சமயம் அவனுடைய அக்கா சொன்னாள்:

“கதவு மூடுகிறது. சற்று விலகி நில்லுங்கள்.”

அவன் விலகி நின்றான். அப்புறம்தான் தூக்கிவாரிப்போட்டது.

லிஃப்டில் அவனைத் தவிர, பூந்தொட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும்தான் இருந்தார். அக்கா இந்நேரம் நகரத்தின் மறுகோடியில், நீச்சல்குளத்துக் கரையில், நீச்சல் பழக வரும் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்பாள். அது போகட்டும், அக்காவுக்குக் குரலே கிடையாது. தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை எடுத்து, வருஷங்கள் ஆகிவிட்டன.

“அடுத்த தளம்,” என்றாள் அக்கா, தலைக்கு மேல் எங்கிருந்தோ. சொல்லின் கடைசியில் ஒரு சின்ன இழுவை. சிறுவயதில் அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்போது இழுப்பாளே, அதே இழுவை. அவன் இறங்கவேண்டிய மாடி வந்தது, போனது. பெரியவர் இறங்கிப்போனார். அவன் உச்சிவரை போய், கீழே வந்து, மறுபடி மேலே போனான். தெருவில் நடந்துகொண்டிருக்கிறோம், வானத்தில் போகிற விமானம் நம்மைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, நிமிர்ந்து பார்த்தபடி நிற்கிறோம். அப்படி வாயைப் பிளந்து நின்றிருந்தான்.

இந்த மாதிரி விஷயங்களில் அவனுக்குக் கருத்து இல்லாமல் இல்லை. கருத்துதான் மூட்டை மூட்டையாக வைத்திருந்தான். கணினியில் ஓடுகிற மென்பொருள் என்ன செய்கிறது என்று திறந்து பார்க்க முடியாவிட்டால் அந்தக் கணினி நம்முடையது அல்ல என்பான். மடிக்கணினியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பான். விருந்துக்குப் போன வீட்டில் பேசும் ஸ்பீக்கர் இருந்தால், அதன்மேல் ஒரு குஷனைப் போட்டு அமுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். “அது ஒட்டுக்கேக்குது,” என்று சமாதானமும் சொல்வான். அக்கா மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிற வாண்டு, அவனுக்குப் பூட்டு மாமா என்று பெயர் வைத்திருந்தாள். அத்தான் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பாதி கடலில்தான் இருப்பார். அதனால் வீட்டில் அவனுடைய பிரசங்கத்தைக் கேட்க வாய்த்தவர்கள் அக்காவும் மகளும்தான்.

அக்காவின் குரல் விஷயத்தில் மட்டும் அவனுடைய கருத்துகள் ஒருநாள் வாயடைத்துப்போயிருந்தன. அறுவைக்கு முன்னால், ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி, ஒரு நிறுவனத்தார் அக்காவைச் சின்ன அறையில் உட்காரவைத்து நிறைய வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்துகொண்டார்கள், அதே குரலைப் பிறகு ஒரு செயலியில் செய்துதர. அறுவை முடிந்து, வீட்டுக்கு வந்து, கழுத்தில் கட்டோடு அவள் செல்போனில் எதையோ தட்டினாள். “பசிக்குதுடா,” என்றது போன், அக்காவாக. அவன் சமையலறைச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அந்த நிறுவனத்தைக் குறைசொல்ல அவனுக்கு நா எழவில்லை. பூட்டு என்ற பெயருக்கேற்ப ஒரே ஒரு காரியம் செய்தான்: அக்கா படித்த அந்தப் பதிவுகளின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு, யாராலும் உடைக்க முடியாதபடி பூட்டி வைத்தான்.

சாயங்காலம் அக்கா குளத்திலிருந்து வந்ததும் லிஃப்டில் கேட்டதைச் சொன்னான். அவள் துண்டைத் தோளில் போட்டபடி நின்று, மளமளவென்று தட்டினாள்.

“நிஜமாவா? லிஃப்ட்லயா? நல்லா இருந்தேனா?” என்றது போன்.

“அக்கா, விளையாட்டில்ல. உன் குரலை யாருக்கோ வித்திருக்காங்க.”

“என்னைக் கேக்காமலா?”

“கேட்டிருப்பாங்க. ‘ஒப்புக்கொள்கிறேன்’னு ஒண்ணு வந்திருக்குமே? படிக்காம அமுக்கினியா?”

“படிக்கிறதா? குளத்துல ஒருத்தன் ஆழமான பக்கம் போய்க்கிட்டிருக்கான். நான் கத்தணும். போனைத் திறந்தா அது குறுக்க நிக்குது. அமுக்காம, உன்னைக் கூப்பிட்டுக் கருத்து கேக்கவா?”

யாராக இருந்தாலும் அமுக்கியிருப்பார்கள். அப்படி ஒரு நேரத்தில் குறுக்கே வந்து நிற்பதுதான் அந்தப் பொத்தானின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

அக்காவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். அவளோ குஷியாக இருந்தாள். விடுமுறை நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். காவலாளி என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். “மிஷின் பார்க்கணும்,” என்றான் அவன், பொய்யில்லை. லிஃப்ட் கதவு திறந்தது.

“தரைத் தளம்,” என்றது குரல்.

அக்கா நிமிர்ந்து நின்றாள். குளத்தில் அவள் கத்தினால் தண்ணீருக்கடியில் இருக்கிறவனும் கையைக் காலை அசைப்பான் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இப்போது இந்த எஃகுப் பெட்டி முழுக்க அவள் நிறைந்திருந்தாள். பொத்தான்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கியின் சல்லடைத் துளைகளில் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வு கையில் ஏறியது போலிருக்கிறது. திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் முறை மேலே போனபோது, அவளே பேசுவதுபோல வாயசைத்து விளையாடினாள். தன் குரல் உடம்பை விட்டுப் போய் ஊருக்கெல்லாம் கதவு திறந்துகொண்டிருப்பதை அவள் ஒரு அதிசயமாகவே பார்த்தாள். அவனுக்கும் அது அதிசயம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

வாண்டு அதற்குள் சலித்துப்போய், கதவோரத்தில் கண்ணாடிமேல் மூச்சுவிட்டு விரலால் படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சற்று விலகி நில்லுங்கள்.”

“சரிம்மா,” என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் வந்தாள் வாண்டு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் இன்னும் நீட்டியபடிதான் இருந்தது.

அக்காவின் கை சல்லடையிலிருந்து இறங்கியது. மகளைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் இத்தனை வருஷமாகப் பேசிய எல்லாப் பேச்சும் புரியவைக்காத ஒன்று அந்த ஒரு ‘சரிம்மா’வில் அவளுக்குப் புரிந்துவிட்டது. யார் இந்தக் குரலை வாங்கினாலும் இந்தப் பிள்ளை அவர்கள் பேச்சைக் கேட்பாள்.

வீட்டுக்கு வந்ததும் செயலியைத் திறந்து தேடினார்கள். அனுமதியைத் திரும்பப் பெற வழி இருந்தது, நாலைந்து பக்கங்களுக்கு உள்ளே, சாம்பல் நிற எழுத்தில். அனுமதியைத் திரும்பப் பெற்றால் குரலும் நீக்கப்படும் என்றது. அதாவது ஊருக்கெல்லாம் பேசாமல் இருக்கவேண்டுமானால் வீட்டிலும் பேச முடியாது.

“கவலையே படாத,” என்றான் பூட்டு. இந்த ஒரு தருணத்துக்காகத்தானே அவன் பிறந்ததே! மேலே போய் ஹார்டு டிஸ்கை எடுத்துவந்து, தூசி தட்டி, மேஜைமேல் வைத்தான். “உன் பதிவெல்லாம் இதுக்குள்ள இருக்கு. நம்ம கணினியிலயே உன் குரலைச் செஞ்சிடலாம். ஒரு பயலைக் கேக்கவேண்டியதில்ல.”

கடவுச்சொல்லைத் தட்டினான். தவறு என்றது. மறுபடி தட்டினான். காதுமடல் சிவந்தது.

அவன் கடவுச்சொற்களை அடிக்கடி மாற்றுபவன். அது ஒரு கொள்கை. எங்கும் எழுதிவைக்காதவன், அது இன்னொரு கொள்கை. நீளமாக, எந்த அர்த்தமும் இல்லாமல் வைப்பான். யாராலும் திறக்க முடியாது என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பான்! அந்த ‘யாராலும்’ என்பதில் அவனும் அடக்கம்.

அக்கா போனை எடுத்து ஆவேசமாக, நீளமாக, கட்டைவிரல்கள் இரண்டும் பறக்கத் தட்டினாள்.

“மன்னிக்கவும்,” என்றது போன், அக்காவின் குரலிலேயே, தேனாக. “இந்தச் சொற்களை உச்சரிக்க இயலாது.”

தம்பியைத் திட்டக்கூட ஒரு நிறுவனத்தின் தயவு வேண்டியிருந்தது. வாண்டு முதலில் சிரித்தாள். பிறகு அக்காவும் தோள் குலுங்க, ஓசையில்லாமல் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்தபோது அவள் முகத்தில் வேறு ஒன்று வந்திருந்தது.

“நான் படிச்சதுதான போச்சு? இது பேசுதே,” என்றது போன். “இதைப் பேசவிட்டுப் பதிவு பண்ணு. அதை வச்சுச் செய்.”

“அது விதிமுறைக்கு விரோதம்க்கா. அவங்க குரலை நகலெடுக்கக் கூடாதுன்னு—”

“யார் குரலை?”

அவன் மைக்கைத் தேடப் போனான்.

அடுத்த சில வாரங்கள், மதிய வேளைகளில், அவன் அறையில் அது நடந்தது. சுவரிலெல்லாம் போர்வைகளைத் தொங்கவிட்டான். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தட்டத் தட்ட, போன் பேசும்; மைக் வாங்கிக்கொள்ளும். முதலில் குளத்துக் கட்டளைகள். “முழங்காலை மடக்காதே.” “மூச்சை விடு, விடு, விடு.” அவை தீர்ந்ததும் கடைப்பலகைகள், மருந்துச்சீட்டு, வாண்டுவின் பாடப்புத்தகம். அவையும் தீர்ந்ததும் அவள் சும்மா சொல்ல ஆரம்பித்தாள். அறுவைக்கு முந்தின நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, தன் பெயரைத் தானே பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். அவன் ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்து, திரையில் ஒலி அளவுமானியின் பச்சைக் கோடு எழுவதையும் விழுவதையுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதெல்லாம் அவங்க வழியாத்தான் போகுதா?” என்று நடுவில் கேட்டாள்.

“நீ தட்டுறது அவங்க சர்வருக்குப் போகும். அங்கிருந்துதான் குரலா திரும்பி வரும்.”

“பிள்ளை தூங்கும்போது அவ காதுல நான் சொல்றது?”

அவன் தலையாட்டினான்.

“எல்லாமேவா?”

“எல்லாமேக்கா.”

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

குரலைச் செய்யும் நிரலை அவன் எழுதவில்லை. அவ்வளவு திறமை அவனுக்கு இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். அதை ஆரம்பித்தவர் ‘ஆந்தை’ என்ற பெயரில் எழுதுகிறவர். பனிகொட்டும் ஒரு நாட்டில் மாடு வளர்ப்பவராம். பேச்சை இழந்துகொண்டிருந்த மனைவிக்காகத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் மனைவி போய்விட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. பூட்டு தன் சிக்கலை எழுதி, ஓர் ஒலித்துண்டை அனுப்பினான். அனுப்பலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டபிறகுதான் அனுப்பினான். பால்கறவைக்கு நடுவில் பதில் வந்தது. ‘உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் அக்கா வாக்கியத்தின் முடிவில் படியிறங்குவது போல இறங்குகிறார். நிரல் அதைச் சமதரையாக்குகிறது. இந்த இடத்தை மாற்றிப் பாருங்கள்.’

அவன் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தான். பனிக்கு நடுவே, மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒருவர் அவனுடைய அக்காவின் இழுவையைக் கேட்டிருக்கிறார். எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. நிறுவனங்களைப் பற்றி ஆயிரம் பேசியிருக்கிறான். இந்த மாதிரி மனிதர்களைப் பற்றிப் பேச அவன் ஒரு சொல்கூடச் சேர்த்துவைத்திருக்கவில்லை.

கணினி கற்கத் தொடங்கியது. முதலில் தகரக்குழாயில் காற்று புகுந்த சத்தம். மறுநாள் யாரோ பக்கத்து அறையில் தூக்கத்தில் முனகுவது போல. அடுத்தடுத்த நாட்களில் உயிரெழுத்துகள் குமிழியாக மேலே வந்தன. ஒரு மதியம் அவன் சோற்றில் கையை வைத்திருந்தபோது, மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவன் எச்சில் கையோடு ஓடினான். அறையில் யாரும் இல்லை. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்கள்தான்; வெறும் எண்கள். அவற்றுக்குள்ளிருந்து அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

நிறுவனத்தின் குரல் அளவுக்கு அது பளபளப்பாக இல்லை. கொஞ்சம் கரகரத்தது, தண்ணீரிலிருந்து இப்போதுதான் தலையைத் தூக்கியவள் பேசுவது போல ஒரு மூச்சு இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, அன்றைக்குப் போன் சொல்ல மறுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தட்டிச் சொல்லவைத்தாள். அவன் தலைகுனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டான். அவ்வளவு அழகாக யாரும் அவனைத் திட்டியதில்லை.

நிரலை அவளுடைய போனுக்குள்ளேயே ஏற்றினான். இனி எந்த சர்வரும் வேண்டாம்.

மிச்சமிருந்தது அந்தச் சாம்பல் நிறப் பொத்தான். ‘உங்கள் குரல் நிரந்தரமாக நீக்கப்படும். உறுதியா?’

“அக்கா, கொஞ்சம் பொறு,” என்றான் பூட்டு. அவனுக்கே வியப்பாக இருந்தது. “இன்னும் ரெண்டு நாள் பார்த்துக்கலாம். நான் செஞ்சது பழுதாயிட்டா? குளத்துல அவசரத்துக்கு வரலைன்னா? அவங்களோடது நல்லா இருக்குக்கா. அது உன் பழைய குரல் மாதிரியே...”

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அமுக்கினாள்.

“எங்களுடன் இருந்ததற்கு நன்றி,” என்றது நிறுவனத்தின் செயலி, அக்காவின் குரலில் அக்காவிடமே. பிறகு அதன் சின்னம் மங்கியது. யாரோ அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்தியது போலிருந்தது.

அக்கா போனில் இணையத்தை நிறுத்தினாள். மகளைச் சைகையால் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தாள். ஒலியைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். எதையோ மெதுவாகத் தட்டி, போனை மகளின் காதோடு ஒட்டிவைத்தாள்.

வாண்டு கண்ணை உருட்டிக் கேட்டாள். போனைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவள்தானா என்று சரிபார்ப்பது போல. பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

என்னடி சொன்னா உங்கம்மா என்று கேட்க அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. திரையில் இருந்த எழுத்துகள் தற்செயலாகவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். வெளியே தெரு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோடானுகோடி மனிதர்களுடைய பேச்சு காற்றில் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்த அந்த வேளையில், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது.