கோப்பில் வைக்கப்பட்ட நிழல்

குமாரபாளையத்தில் சாயப்பட்டறைத் தெருக்காரர்களின் நிழல் கறுப்பாக விழுவதில்லை. 1991ஆம் வருடம் ஆடி மாதத்தில் இது முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அந்த வாரம் தொட்டிகளில் சிவப்புச் சாயம் ஓடியது, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களின் நிழலும் சிவப்பாகக் கிடந்தது. அடுத்த வாரம் பச்சை. பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு இப்படி வாரத்துக்கு வாரம் மாறுவது நின்று, எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் நிலைத்துவிடும். இதற்காக யாரும் வேலைக்கு லீவு போடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களை மட்டும் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள், அந்த நேரத்தில் நிழல் காலடிக்குள் ஒதுங்கிவிடும். ராகு காலமும் எமகண்டமும் அதற்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்தன. பவானிப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், இந்த ஊர்க்காரர்கள் நேரம் தவறாதவர்கள் என்று மெச்சிக்கொண்டு போனார்கள். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. அதைக் கெடுக்க வெளியூரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை, அதே தெருவில் பிறந்தவளே வந்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்ரீதேவியின் அம்மா பெரியநாயகி, 1982 முதல் சாயம் போட்ட நூலைக் காவிரியில் அலசிக் கொடுத்தவள். புருஷன் சீக்கிரமே போய்விட்டதால் மகளைத் தொட்டிகளுக்கு நடுவே தூளி கட்டிப் போட்டு வளர்த்தாள். அதனால் அந்தப் பெண்ணின் நிழல் பதினேழு வயதிலேயே கத்திரி நிறத்துக்கு வந்துவிட்டது. 1998இல் படிக்கப் போனவள் சென்னை, ஹைதராபாத், ஸ்வீடன் என்று போய்க்கொண்டே இருந்தாள். காற்றிலும் தண்ணீரிலும் கிடக்கிற நஞ்சு மனித உடம்புக்குள் எந்த வழியாக, எவ்வளவு போகிறது என்று அளக்கிற படிப்பு. அதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று ஊர் சிரித்தது. ஸ்வீடனில் வெயில் வருவதே அபூர்வம். வந்த நாட்களில் அவள் வெளியே போய் நின்று, தன் நிழலைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். வருடா வருடம் வெளுத்து வந்த நிறம், 2007 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக் கறுப்பானது. தெருவை விட்டுப் போனால் ஒன்பது வருடத்தில் நிழல் தேறிவிடும் என்பதுதான் அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. அன்றைக்கே அம்மாவை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதன் பிறகு எழுதிய கட்டுரைகளும் போய்வந்த மாநாடுகளும் அந்த ஒரு காரியத்தைச் சுற்றித்தான். அம்மாவோ, பட்டறையை மூடுகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். சரி, பட்டறையையே மூடிவிடுகிறேன் என்றாள் மகள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

2014இல் சேலத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, வாரம் இரண்டு நாள் குமாரபாளையம் வர ஆரம்பித்தாள். வந்தவள் யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளிடம், குழந்தையின் நிழல் போன வருடத்தைவிட இரண்டு படி ஏறியிருக்கிறது என்று தெருவே கேட்கச் சொன்னாள். நல்லது சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் நாக்கும் வேண்டும், அவளுக்கு அது வாய்க்கவில்லை. ஒருமுறை நான்கு மணி வெயிலில் ஒரு மாப்பிள்ளையின் மாமா அவளிடம் வழி கேட்க, அவள் வழியோடு சேர்த்து நிழலையும் விளக்கினாள். அந்தக் கல்யாணம் நின்றுபோனது. அதன்பிறகு பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே டீக்கடைக்காரர் அவளிடம் பால் இல்லை என்றார். அவளுடைய வெள்ளைக் காரின்மேல் ஒரு குடம் பச்சைச் சாயத் தண்ணீரை யாரோ ஊற்றினார்கள். மறுநாள் காரின் நிழல் பச்சையாக விழுந்தது, அதையும் அவள் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள். அந்தத் திமிரை ஊர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நிழலை ஆதாரமாக எடுத்துக்கொள்ள அவளுடைய மேலதிகாரிகள் சம்மதிக்காததால், 2016இல் வேறு வழிக்குப் போனாள். மணிக்கட்டில் போடுகிற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. ஏழு நாள் கழற்றாமல் போட்டிருந்தால், அந்த ஆளைச் சுற்றியிருக்கிற நஞ்சையெல்லாம் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒன்றாக நூற்று அறுபது வளையங்களைக் கொடுத்தாள். வளையம் எதைப் பார்த்ததோ அதைப் போய்ச் சொல்லிவிடும் என்பது மட்டும் ஊருக்குப் புரிந்தது. நம் வீட்டைப் பற்றி அது கெட்டதாக எதுவும் சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே யோசித்து, பூஜை அலமாரியில் இருக்கும் அம்மன் படத்தில் மாட்டி வைத்தார்கள். அம்மனைவிடச் சுத்தம் யார்? மற்ற வீட்டுக்காரர்கள் யோக்கியமாகக் கையில் போட்டிருப்பார்கள், தங்கள் வீடு மட்டும் தப்பித்துவிடும் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். காலையும் மாலையும் கற்பூரம் காட்டி, சாம்பிராணி போட்டு, எட்டாம் நாள் பயபக்தியோடு கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். நூற்று அறுபதில் நூற்று நாற்பத்து மூன்று இப்படி வந்தவை.

இரண்டு வருடம் கழித்து, அவளுடைய புகாரை விசாரிக்க நாமக்கல்லில் மாசு விசாரணைக் குழு கூடியபோது, பட்டறைக்காரர்கள் சங்கத்து வக்கீல் வளையங்களின் முடிவை உரக்கப் படித்தார். இந்த ஆராய்ச்சிப்படி குமாரபாளையத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு வேர்ப்பதே இல்லை, அவர்கள் கற்பூரப் புகையை மட்டும் சுவாசித்துக்கொண்டு அலமாரிக்குள் வாழ்கிறார்கள் என்றார். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். ஸ்ரீதேவி எழுந்து, வளையம் பொய் சொன்னாலும் நிழல் சொல்லாது, முப்பது வருடம் சாயத்தில் நின்ற ஓர் ஆளைக் கூட்டி வருகிறேன் என்றாள். தலைவர் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். முதல் தலைமுறையில் நூல் அலசியவர்களில் அப்போது உயிரோடு இருந்தது பெரியநாயகி ஒருத்திதான்.

மகள் வந்து கேட்டபோது பெரியநாயகி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், “ஏண்டி, நா உனக்கு அம்மாவா, சாம்பிளா?” என்று கேட்டாள்.

“உனக்காகத்தாம்மா இதெல்லாம்.”

“எனக்காகன்னா ஊட்டுல வந்து ரெண்டு நாள் தங்கியிருப்ப. தூளி கட்டி உன்னைய அந்தத் தொட்டிக்கு நடுவால போட்டவளே நாந்தான்னு நாலு பேரு முன்னால போர்டுல எழுதப் போற. அதுக்கு நா வந்து நிக்கோணுமா? போடி.”

பெரியநாயகி பயந்தது அதற்குத்தான். மகள் அன்றைக்கே சேலத்துக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் சங்கத் தலைவர் சந்திரசேகர், ஒரு பட்டுப்புடவையும் இரண்டு கிலோ இனிப்பும் எடுத்துக்கொண்டு பெரியநாயகி வீட்டுக்கு வந்தார். வந்த காரியம் அநேகமாக முடிந்துபோன காரியம், புடவையை வைத்துவிட்டு எழுந்திருந்தால் ஊரின் கதையே வேறு. ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“நீங்க தங்கமானவங்க அக்கா. உங்க புள்ளைக்குத்தானுங்க கிறுக்குப் புடிச்சிருச்சு. கண்ணாலங் காச்சி பண்ணி உட்டிருந்தா இந்த வேலைக்கெல்லாம் வந்திருக்காதுங்க.”

பெரியநாயகி புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து அவர் மடியில் வைத்தாள். “எம்புள்ளைய கிறுக்கின்னு நாஞ் சொல்லுவேன், ஆயிரஞ் சொல்லுவேன். நீ ஆருய்யா சொல்றதுக்கு?” என்றாள். பிறகு பக்கத்து வீட்டுப் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டு, “எத்தனை மணிக்கு வரோணும்?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

குழு அலுவலகத்து முற்றத்தில், காலை ஒன்பது மணிக்கு, விசைத்தறியில் ஓட்டிய எட்டு முழம் வெள்ளைத் துணியை விரித்தார்கள். பெரியநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரத்தில் நின்றாள். நிழல் துணியின் பாதிவரை விழுந்தது. அந்த நிறத்துக்கு வக்கீலிடம்கூட ஒரு பெயர் இருக்கவில்லை. முதன்முறையாகக் குழுத் தலைவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஸ்ரீதேவி நிறமானியை வைத்துப் பத்து இடங்களில் அளந்து எழுதிக்கொண்டு, போதும்மா என்றாள். பெரியநாயகி நகர்ந்தாள், நிழல் நகரவில்லை. உப்பும் சோடாவும் போட்டு ஏற்றிய சாயம் நூலைப் பிடிப்பது மாதிரி அது துணியைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெளித்தும் சோப்புப் போட்டும் பார்த்தார்கள், போகவில்லை. கோப்பில் வைக்க முடியாததை ஆதாரமாக ஏற்க முடியாது என்று அதுவரை சொல்லிவந்த குழு, துணியை எட்டாக மடித்து, சிவப்பு நாடா கட்டி, எண் போட்டு இரும்பு அலமாரியில் வைத்தது. நிழல் இல்லாத பெரியநாயகி வெயிலில் நடந்து பஸ் ஏறி ஊருக்குப் போனாள். காரில் வரச் சொன்ன மகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழுவின் உத்தரவுப்படி பட்டறைகள் நான்கு மாதம் மூடிக்கிடந்து, வேறு பெயர்ப் பலகைகளோடு திறந்தன. ஸ்ரீதேவிக்குப் பதவி உயர்வு வந்தது, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவள் கட்டுரையை முதல் பக்கத்தில் போட்டது. பெரியநாயகி வேலைக்குத் திரும்பியபோது சந்திரசேகரே அவளைக் கூப்பிட்டு, நூல் காயவைக்கிற கொட்டகையில் கூடுதல் கூலிக்குப் போட்டார். ஈர நூலின்மேல் ஆள் நிழல் விழுந்தால் பட்டை பட்டையாகக் காயும், இவள் போனால் அந்தத் தொல்லை இல்லை. மானங்கெட்ட பிழைப்பு என்றால் இதுதான், ஆனால் ஆறு வருடம் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவை வெளியே கொண்டுவரப் புறப்பட்ட மகள், அவளை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்திருந்தாள். அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா வந்து பேசுவதில்லை, வாசலுக்குப் போனால் கதவு திறப்பதில்லை.

துணியில் இருந்த நிழல் அசைகிறது என்பதை, பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒருநாள் பிரித்துப் பார்த்த அலுவலகத்து எழுத்தர் மதியழகன்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதை அலமாரிக்கு முன்னால் விரித்துப் போட்டு, மாலையில் மடித்து உள்ளே வைத்தார். குமாரபாளையத்தில் பெரியநாயகி குனிந்தால் நாமக்கல்லில் நிழல் குனிந்தது. பதினோரு மணிக்கு அது டம்ளரைத் தூக்கும்போது அலுவலகத்திலும் டீ சொன்னார்கள். ஸ்ரீதேவி மாதாமாதம் வந்து, அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மா எத்தனை மணி நேரம் கொட்டகையில் நிற்கிறாள், நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனாள். தனியொரு மனித உடம்பைப் பற்றி இவ்வளவு நீண்ட பதிவு உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று அவள் துறைக்காரர்கள் பாராட்டினார்கள். பாராட்டுக் கடிதங்களை அவள் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

2024 சித்திரையில் ஒருநாள் காலை மதியழகன் அவளுக்குப் போன் செய்தார். “மேடம், அம்மா இன்னைக்கு எந்திரிக்கவே இல்லீங்க. மணி பத்தாச்சு, நெழல் படுத்தபடியேதான் கெடக்குதுங்க” என்றார். ஸ்ரீதேவி நிறமானியையும் குப்பிகளையும் மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தாள். சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அவள் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பெரியநாயகி பாயில் படுத்திருந்தாள், வாசல் வழியே வந்த மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது.

“எதுக்கு வந்த? சாம்பிள் எடுக்கவா?”

“இல்லம்மா.”

“கையில என்னது?”

“ஒண்ணுமில்ல.”

பெரியநாயகி அந்த வெறும் கைகளைப் பார்த்தாள். ஸ்ரீதேவி வாசல்படியில் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் தேறிய அவளுடைய கறுத்த நிழல் அம்மாவின் முகத்தில் விழுந்தது. அதைக் கண்டதும் பதறி, விலகிக்கொள்ள எழுந்தாள்.

“நவுராத. வெயிலு கண்ணக் கூசுது. அப்படியே உக்காரு” என்றாள் பெரியநாயகி.

வெயில் சாயச் சாய ஸ்ரீதேவியும் வாசல்படியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தாள். ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்தைப் பூட்டுமுன் மதியழகன் துணியை மடிக்கப் போனார். படுத்திருந்த நிழலின் தலைமாட்டில், உட்கார்ந்த வாக்கில் ஒரு கறுப்பு நிழல் வந்து சேர்ந்திருந்தது. அவர் கோப்பை எடுத்து, கூடுதலாக நிழல் ஒன்று வரப்பெற்றது என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார். மடித்தால் இரண்டு பேருக்கும் இடைஞ்சலாக இருக்கும் என்று துணியை விரித்தபடியே விட்டுவிட்டு, விளக்கை அணைத்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.