திருந்தாத ஆலோசகர்

காலத்தை வென்றவர்கள் இந்தப் பேரண்டத்தில் மிகச் சிலர். அரசுகள் எழுவதையும் விழுவதையும் ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் அவர்கள்; ஒரு விண்மீன் முதலில் அணைவதையும் பிறகு பற்றிக்கொள்வதையும் கண்டவர்கள். அந்தச் சிலரில் ஒருவர் அன்று காலை கட்டிலுக்கடியில் தலையை விட்டு, இடது கால் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலத்துக்குப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். எங்க கழட்டி எறிஞ்சீங்கன்னு தெரிஞ்சிடும்," என்றாள் மனைவி, கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே.

"வண்டி ஓடினாத்தான் போயிருப்பேனே," என்றது கட்டிலுக்கடியிலிருந்து வந்த குரல்.

வண்டி ஓடாது. நாடு கடத்தும்போதே அதன் உயிர்நாடியைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பியிருந்தார்கள். நாடு என்றால் ஊர், உலகம், சூரியன் எல்லாம் சேர்த்து. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், தண்ணீர்த் தொட்டி போன்ற அந்த வாகனம் அறிவியல் துறை அலுவலகத்தின் பின்னால் வந்து விழுந்தது. உள்ளேயிருந்து இறங்கியவர் நம்மைப் போலத்தான் இருந்தார், கைக்கு இரண்டு முழங்கை என்பதைத் தவிர. துறையின் இயக்குநர் குடையோடு ஓடிவந்து அழைத்துப் போனார். சைகை காட்டியும் படம் போட்டும் பேச்சு பழக்கிவிட்டு, முதலில் கேட்ட உருப்படியான கேள்வி இதுதான்: "உங்களுக்கு விஞ்ஞானம் தெரியுமா?"

"கொஞ்சம்," என்றார் வந்தவர்.

உண்மையில் அந்தக் கொஞ்சமும் தெரியாது. பஸ்ஸில் போகிறவனுக்கு எஞ்சின் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த உலகத்திலும் சட்டமில்லை. அவர் வெறும் பயணி. ஆனால் படித்தவர்கள் நடுவில் ஒரு நம்பிக்கை உண்டு: "கொஞ்சம் தெரியும்" என்கிறவனுக்குக் கடலளவு தெரியும். மறுநாளே ஓர் அறை ஒதுக்கி, கதவில் 'அறிவியல் ஆலோசகர்' என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

ஆலோசகர் தமக்கென்று ஒரு வேலைமுறை வைத்திருந்தார். யாராவது கேள்வியோடு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். முழங்கைகள் நான்கையும் மேசைமேல் ஊன்றுவார். நீளமாக ஒரு பெருமூச்சு. பிறகு, "இதை இப்பவே கேட்டுத்தான் ஆகணுமா?" என்பார். வந்த விஞ்ஞானி வெலவெலத்துப் போய், தன் அறைக்கு ஓடி, கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்து, எங்கேயோ ஒரு பிழையைக் கண்டுபிடித்து, கண் கலங்க நன்றி சொல்ல வருவார். இப்படியே துறைக்கு மூன்று விருதுகள் கிடைத்தன. மூன்றையும் இயக்குநர்தான் மேடையேறி வாங்கிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முந்தின நாள் மத்தியானம் வரை. ஆய்வுக்கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்த செத்த வண்டி திடீரென்று இருமியது. இருமிவிட்டு, அவருடைய தாய்மொழியில் பேசியது: "கைதியின் தண்டனையை மறு ஆய்வு செய்ய நாளை காலை அதிகாரி வருகிறார். கைதி திருந்தியிருந்தால் அப்போதே ஊருக்கு அழைத்துச் செல்லப்படுவான்."

"என்ன சொல்லுது? என்ன சொல்லுது?" என்று குதித்தார் இயக்குநர்.

"எங்க ஊர்லேருந்து விருந்தாளி வர்றாராம்," என்று சொல்லி வைத்தார் ஆலோசகர். அடுத்த நிமிடமே இயக்குநர் அமைச்சருக்குப் போன் போட்டுவிட்டார்.

சாக்ஸ் கிடைத்தது. டீ ஆறிப்போயிருந்தது. மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார் ஆலோசகர். அவள் பல் மருத்துவர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், எதிர்ப்பேச்சு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது.

"அப்ப திருந்தலேன்னா இங்கயே விட்டுடுவாங்களா?"

"விட்டுடுவாங்க. அதான் சட்டம்."

"இதுக்கா ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டிருந்தீங்க? நீங்க எந்தக் காலத்துல திருந்தினீங்க?"

அவளுடைய தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். பக்கத்துத் தெருவில் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறவன். பாதி கேட்டதிலேயே முழுக்கதையும் புரிந்துகொண்டான்.

"மச்சான், நான் வந்து சாட்சி சொல்றேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுற ஒரு விஷயம் போதும். ஆயுள் தண்டனையே குடுத்துடுவாங்க."

"விளையாடாதே மாப்ளே. அங்க இயக்குநர் இருக்கார். வாயைத் திறந்தா என்னைப் புகழ்ந்தே கொன்னுடுவார்."

"அதுக்கென்ன? வர்றவருக்கு நம்ம பேச்சு தெரியுமா?"

ஆலோசகர் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தார். தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான்.

அலுவலகத்தின் பின்பக்கம் அன்று கல்யாண வீடு போலிருந்தது. சிவப்புக் கம்பளம் பாதி தூரத்துக்குத்தான் வந்தது என்பதால் அதை அமைச்சர் நடக்கும் பாதியில் விரித்திருந்தார்கள். 'காலமே, வருக!' என்று ஒரு பதாகை. கூட்டம் சேராதோ என்று பயந்து ஊழியர்களின் குடும்பங்களையும் வரச் சொல்லியிருந்தார் இயக்குநர். மனைவியும் தம்பியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வானத்திலிருந்து இறங்கிய தொட்டி, கம்பளத்தை விட்டுவிட்டு, இயக்குநரின் கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றது. அமைச்சர் கத்தரிக்கோலோடு எழுந்தார். "ரிப்பன் எங்கே?" என்றார். யாரோ ஓடிப்போய்த் தொட்டியின் கதவில் ஒன்றைக் கட்டினார்கள். அதை வெட்டுவதற்குள் கதவு உள்ளிருந்து திறந்து ரிப்பன் அறுந்துபோனதில் அவருக்கு மனவருத்தம்.

அதிகாரி ஒல்லியாக, சிடுசிடுவென்று இருந்தார். கைகளை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தம் மொழியில் கேட்டார்: "இவன் இங்கே ஒழுங்காக நடந்துகொள்கிறானா?"

ஆலோசகர் இயக்குநரிடம் திரும்பினார். "உங்க புகழ் அங்க வரைக்கும் வந்திருக்காம் சார். துறையைப் பத்தி ஏதாவது சொல்லச் சொல்றார்."

இயக்குநருக்கு அது போதும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மனித குலம், அறிவுச் சுடர், தமது தலைமை, தமது தொலைநோக்கு, மறுபடியும் தமது தலைமை என்று சுற்றி வந்து, கடைசியில் ஆலோசகரின் தோளில் கை போட்டு, "இவர் எங்கள் துறையின் வைரம்!" என்று முடித்தார். கை தட்டினார்கள்.

"இவனால் எங்களுக்குத் தூக்கமே இல்லை என்கிறார்," என்று மொழிபெயர்த்தார் ஆலோசகர்.

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"மிச்சமெல்லாம் வசவு. சொல்ல நாக்கு கூசுகிறது."

"ஏன் கை தட்டுகிறார்கள்?"

"வசவு பொருத்தமாக இருந்ததாம்."

அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். அதற்குள் ஒரு பெரிய பித்தளைக் கேடயத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

"அது என்ன?"

"என்னை அடிக்க வைத்திருக்கிறார்கள்."

அமைச்சர் அந்தக் கேடயத்தைச் சிரித்த முகத்தோடு ஆலோசகர் கையில் கொடுத்தார். இயக்குநர் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தார். புகைப்படக்காரர் இன்னொரு முறை கட்டிப்பிடிக்கச் சொன்னார், பிடித்தார்கள்.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு நிமிடம்," என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாத்திய சத்தம் அடங்கும் முன்பே கதவு திறந்தது. இறங்கிய அதிகாரிக்குத் தொப்பை போட்டிருந்தது. முடி காதை மறைத்தது. கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கையில் பாதி கடித்த பன்.

"எல்லாருக்கும் வணக்கங்க," என்றார். "மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் லேட்டாயிடுச்சு. போன வருஷத்துக்குப் போய், எட்டு மாசம் இந்த ஊர்லயே தங்கி, பேச்சைக் கத்துக்கிட்டு வந்தேன். இப்ப சொல்லுங்க. வைரம்னா வசவா?"

ஆலோசகர் கேடயத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் தம்பி எழுந்துவிட்டான். "டேய், கிளட்சு! நீயாடா?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "மாஸ்டர்!"

"என் வண்டி கிளட்சை எரிச்சுட்டு, சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போனவன் நீதானே! உனக்கும் கைக்கு ரெண்டு முழங்கையாடா? அதான் கியர் போடச் சொன்னா கை எங்கெங்கயோ போச்சு!"

"மேல் தாடை, இடது பக்கம், கடைசிப் பல்," என்றாள் மனைவி உட்கார்ந்தபடியே. "அடைச்சுவிட்டு ரெண்டு வாரத்துல மறுபடி வரச் சொன்னேன். வரலே."

"வர்றேன் டாக்டரம்மா," என்று நெளிந்தார் அதிகாரி. பிறகு, தாம் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இங்க பாருங்க. இந்த ஆள் விஞ்ஞானியே இல்லை. எங்க ஊர்ல வண்டியில உக்காந்து போய்க்கிட்டிருந்தவர், அவ்வளவுதான். ஏன் நாடு கடத்தினோம் தெரியுமா? முடி வெட்டுற கடையில பெரிய வரிசை. இவர் லேட்டா வந்தார். வந்தவர் சும்மா நிக்காம, முந்தின நாளுக்குப் போய், அங்கேருந்து முதல் ஆளா நின்னுக்கிட்டார்."

"இதுக்கா நாடு கடத்துவாங்க?" என்று வாய்விட்டுக் கேட்டான் தம்பி.

"அதுவரைக்கும் முதல் ஆளா நின்னுக்கிட்டிருந்தவர் நீதிபதி."

அமைச்சர் மெதுவாக இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநரின் முகத்தில் ஒன்பது வருடமும் மூன்று விருதும் வரிசையாக வந்து போயின. வைரம் கூழாங்கல் என்றால், அதைக் கண்டெடுத்தவர் யார்? அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வேகமாக யோசித்தார்.

"சார்," என்று அமைச்சரின் காதோரம் குனிந்தார். "விருந்தாளி என்ன சொல்றார்னா, நம்ம ஆலோசகர் காலத்துக்கே முன்வரிசையில நின்னவராம். பொறாமையில துரத்திட்டாங்களாம்."

"நம்ம பாஷையிலதானேய்யா பேசினார்? எனக்கு என்னவோ முடி வெட்டுறதுன்னு கேட்டுச்சே?"

"வார்த்தை நம்மது சார். அர்த்தம் அவங்களது."

அமைச்சர் தலையை ஆட்டினார். புரியாத விஷயத்துக்குத் தலையாட்டி இருபது வருடப் பழக்கம். அவர் ஆட்டியதைப் பார்த்து விஞ்ஞானிகள் ஆட்டினார்கள். இந்த ஆளின் பெருமூச்சைக் கேட்டுப் பிழை திருத்தியவர்கள் அவர்கள். கூழாங்கல்லிடம் ஓடினோம் என்று ஒத்துக்கொள்ள அவர்களில் யாருக்கும் மனமில்லை.

ஆலோசகர் இது எதையும் கவனிக்கவில்லை. அவர் கண் அதிகாரியின் வாயிலேயே இருந்தது. வேலை போனால் போகட்டும், பலகையைக் கழற்றினால் கழற்றட்டும். அந்தத் தொட்டிக்குள் ஏறச் சொல்லாமல் இருந்தால் போதும்.

"அதெல்லாம் பழைய கதை," என்றார் அதிகாரி. "இன்னைக்குக் கதைக்கு வருவோம். மறு ஆய்வுக்கு வந்த அதிகாரி கிட்டயே, முகத்துக்கு நேரா, வாய் கூசாம, மூணு பொய்."

"நாலு இருக்கும்," என்றான் தம்பி உதவியாக.

"நாலு பொய். இதுக்கு என்ன அர்த்தம்? ஆள் திருந்தவே இல்லை. நான் என்ன செய்ய முடியும்? தண்டனை இன்னும் முப்பது வருஷத்துக்கு நீட்டிப்பு. இந்த ஊரை விட்டு நகரக் கூடாது."

ஆலோசகர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"முப்பது வருஷத்துக்கு நம்ம துறைக்கே விட்டுக் குடுத்துட்டாங்க சார்," என்று மொழிபெயர்த்தார் இயக்குநர். "நன்றி தாங்கலை, அழறார்."

அமைச்சர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். அதிகாரி ஒன்றும் விளங்காமல் இரண்டு பக்கமும் பார்த்தார். எட்டு மாதம் போதவில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, மாஸ்டருக்கு ஒரு வணக்கம் போட்டு, டாக்டரம்மாவின் கண்ணில் படாமல் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்குள் ஏறினார்.

சாயங்காலம் பயிற்சிப் பள்ளிக் காரில் வீடு திரும்பினார்கள். தம்பி ஓட்டினான், கேடயம் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் ஆலோசகரும் மனைவியும்.

"முடி வெட்டுற கடையா?" என்றாள் அவள். "எங்கிட்ட ஏதோ புரட்சின்னு சொன்னீங்க."

"வரிசையில இருந்தவங்க புரட்சி பண்ணினாங்க. அதைத்தான் சொன்னேன்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, தம்பிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "எல்லார் முன்னாடியும் அவ்வளவு பொய் சொன்னீங்களே. எனக்காகத்தானே?"

"வேற யாருக்காக?"

அவள் அவருடைய கீழ் முழங்கைக்குள் கையைக் கோத்துக்கொண்டாள். ஆலோசகர் கார் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, முகத்தில் காற்று படும்படி உட்கார்ந்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கால வாகனத்தில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும்.